ஒரு பதத்தின் பொருட்டு: உடையவர் சரிதத்தில் இரண்டு இடங்கள்

காஞ்சிக்கு அருகே திருப்புட்குழியில் யாதவப்ரகாசரிடம் வேதாந்தம் பயின்ற நாளில், அவருக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த இளையாழ்வாருடைய கண்ணீர் ஆசிரியர் துடைமேல் விழுந்தது. காரணம் ஒரே ஒரு பதம். சாந்தோக்யத்தில் பரமபுருஷனுடைய திருக்கண்களுக்கு உவமையாக வரும் கப்யாஸம் என்பதற்குக் குரங்கின் பின்புறம் என்று யாதவர் பொருள் உரைத்திருந்தார். இளையாழ்வாரோ அப்பதத்தைப் பிரித்து, நீரைப் பருகுபவன் கதிரவன், அவனால் அலர்த்தப்பட்டது தாமரை என்று காட்டினார். இலக்கணம் பொருந்திற்று, உவமேயமும் பொருந்திற்று. ஆசிரியர் உறவுதான் பொருந்தாமற்போயிற்று. (யாதவர் பிற்காலத்தில் கோவிந்த ஜீயராய் இவர் திருவடி பணிந்தது வேறு கதை.)

1017-ல் ஸ்ரீபெரும்பூதூரில் அவதரித்த இவர், பேரருளாளனுக்குச் சாலைக்கிணற்றுத் தீர்த்தம் சுமந்து, துறவு பூண்டு, திருவரங்கம் சேர்ந்தபின் திருமாலையாண்டானிடம் திருவாய்மொழி கேட்டார். இரண்டாம் பத்து, மூன்றாம் திருவாய்மொழி, மூன்றாம் பாசுரத்தில் மீண்டும் அதே சோதனை. அறிவில்லாப் பருவத்திலேயே அடிமையில் அன்பைத் தந்துவிட்டு, மறுபடி இவ்வுடலில் வைத்தானே என்று ஆழ்வார் நொந்து பேசுவதாக ஆண்டான் அருளிச்செய்தார். உடையவர் திருவுள்ளத்தில் அது அமரவில்லை. முன்பாசுரம் உபகாரத்தைச் சொல்லுகிறது; பின்பாசுரம் அதற்குக் கைம்மாறு தேடுகிறது. இடையில் ஒன்று மட்டும் வெறுப்பாகுமோ? ஆகவே சொற்களை இடம் மாற்றிக் கூட்டினார். மாயையில் அழுந்தி ஒன்றும் அறியாதிருந்த காலத்திலேயே அன்பை அளித்தாயே என்று அது நன்றியாயிற்று. ஓரெழுத்தும் கூடவில்லை, குறையவுமில்லை.

பதவுரையை மட்டும் கைக்கொண்டு பாசுரத்தைத் தனியே எடுத்துப் படிக்கும் பழக்கம் நம்மில் பலர்க்கு உண்டு. அப்படிப் படித்தால் ஆண்டான் அருளியதே நேர்பொருளாகத் தோன்றும்.

ஆண்டான் இதனை விச்வாமித்ர ஸ்ருஷ்டி என்று சொல்லிக் காலக்ஷேபத்தை நிறுத்திவிட்டார். ஆளவந்தாரிடம் தாம் கேட்டதற்கு மாறாயிற்றே என்பது அவர் குறை. ஸம்ப்ரதாயத்தில் அது சிறிய குறையன்று. செய்தியறிந்த திருக்கோட்டியூர் நம்பி எழுந்தருளி, இப்பொருளையும் தாம் ஆளவந்தாரிடமே கேட்டிருப்பதாக ஸாதிக்க, காலக்ஷேபம் தொடர்ந்தது. காஞ்சியில் இப்படி நடுவே நிற்க ஒருவரில்லை.

பின்னொரு பாசுரத்தில், ஆளவந்தார் இவ்வாறு அருளியிரார் என்று உடையவர் மறுத்தார். அவரை நேரில் ஸேவியாதவர் எங்ஙனம் அறிவார் என்று ஆண்டான் வினவ, தாம் ஆளவந்தார்க்கு ஏகலவ்யன் என்று விடையிறுத்தார்.

திருவாய்மொழிக்கு உடையவர் தாமே உரை எழுதவில்லை. திருக்குருகைப்பிரான் பிள்ளானைக் கொண்டு ஆறாயிரப்படியை எழுதுவித்தார். பின்னர் வந்த ஈட்டில் அந்தப் பாசுரத்தின்கீழ் உடையவர் பொருளோடு ஆண்டான் பொருளும் அழியாமல் நிற்கிறது.