கலாயோகி ஆனந்த குமாரசுவாமியும் கருங்கல்லின் பிறப்பும்

மாணவர்களே, ஆனந்த குமாரசுவாமி யார் எனக் கேட்டால், சிவ நடனத்தின் தத்துவத்தை உலகுக்கு விளக்கிய கலை அறிஞர் என்று எழுதுவீர்கள். அது சரி, ஆனால் பாதி விடையே. அவர் முதலில் ஒரு புவிச்சரிதவியலாளர்.

இளமையும் கல்வியும்

இவர் 1877 ஆகஸ்ட் 22 இல் கொழும்பில் பிறந்தார். தந்தை சேர் முத்துக்குமாரசுவாமி யாழ்ப்பாண வழிவந்த சட்டத்தரணி. தாய் எலிசபெத் ஆங்கிலப் பெண்மணி. இரண்டு வயது நிறையுமுன் தந்தையை இழந்து, இங்கிலாந்தில் வளர்ந்தார். 1900 இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் கற்றுப் பட்டம் பெற்றார்.

பாறைகளைத் தேடிய பணி

1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவையின் முதற் பணிப்பாளராக விளங்கினார். பலாங்கொடைப் பகுதியின் கிரனைற் சார்ந்த பாறைகளை ஆராய்ந்து 1904 இல் கட்டுரை வெளியிட்டார். அதே ஆண்டில், இரத்தினபுரி மாவட்டத்து மாணிக்க மணலிற் கிடைத்த பாரமான கறுப்புக் கனியமொன்று அவர் மூலம் இலண்டன் ஆய்வுகூடத்தை அடைந்தது. அதன் பெரும்பகுதி தோரியம் ஒட்சைட்டு எனத் தெரிந்ததால், அது தோரியனைற் எனப் பெயர் பெற்றது. இலங்கைப் பாறை ஆய்வுகளுக்காக 1906 இல் இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு விஞ்ஞானக் கலாநிதிப் பட்டம் வழங்கியது.

கருங்கல் எவ்வாறு பிறக்கின்றது?

ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு மாணவர்களே, உங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். நெடுந்தீவு வேலிகள் முருகைக்கல். உங்கள் வீட்டு அம்மியின் கருங்கல் மட்டும் வெளியிலிருந்து வந்தது. அத்தகைய பழைய பளிங்குருப் பாறைகள் உங்கள் சுண்ணாம்புக்கல்லுக்குக் கீழே ஆழத்திலும் உள்ளன.

புவியோட்டுக்குக் கீழே இருப்பது இடையோடு. இடையோட்டுப் பாறை முழுவதும் உருகுவதில்லை. சிறு பங்கே உருகும். அவ்வாறு வரும் பாறைக்குழம்பில் சிலிக்கா ஏறத்தாழ 50 வீதம். இரும்பும் மகனீசியமும் அதிகம். அது ஆழத்தில் மெதுவாகக் குளிர்ந்தால் கறுத்த கப்ரோ உண்டாகும்.

அக்குழம்பின் வெப்பநிலை ஏறத்தாழ 1200 பாகை செல்சியஸ். நீர் கலந்த புவியோட்டுப் பாறையோ 700 பாகையளவிலேயே உருகத் தொடங்கும். எனவே புவியோட்டின் அடியில் தேங்கும் குழம்பு தன் வெப்பத்தால் புவியோட்டை உருக்குகின்றது. இந்த உருகலில் சிலிக்கா 70 வீதமளவு. அது ஆழத்தில் உறைந்தால் வெளிறிய கிரனைற். சில இடங்களில் இரு குழம்புகளும் கலக்கின்றன. வேறு சில இடங்களில் இடையோட்டுக் குழம்பிலிருந்து ஒலிவின் போன்ற கனியங்கள் முதலிற் பிரிய, எஞ்சிய குழம்பே சிலிக்கா மிகுந்ததாகின்றது.

தோரியம் முதலில் உருகும் பங்குடனேயே செல்வதால், இடையோட்டை விடப் புவியோட்டில் பல மடங்கு செறிந்துள்ளது. அதன் கதிர்த்தொழிற்பாடு புவியோட்டைச் சூடாக்கி, உருகுதலுக்குத் துணைபுரிகின்றது. குமாரசுவாமி அனுப்பிய கறுப்புக் கல்லின் முக்கியத்துவம் இப்போது விளங்குகின்றதல்லவா?

பிற்காலம்

கல்லைத் தேடிக் கிராமங்களுக்குச் சென்றவர், அங்கே கைவினைகள் அழிந்துவருவதைக் கண்டார். அவற்றைப் பதிவு செய்வதில் ஈடுபட்டு, 1908 இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டார். 1917 முதல் அமெரிக்காவின் பொஸ்ரன் நுண்கலை அரும்பொருளகத்திற் பணியாற்றி, 1947 செப்ரெம்பர் 9 இல் காலமானார். பாறையை நுணுகிப் பார்த்துப் பழகிய கண்தான் சிற்பத்தையும் பார்த்தது.

நினைவிற் கொள்க

• கப்ரோ: மூலப்பொருள் இடையோட்டினது.
• கிரனைற்: பெரும்பாலும் பொருள் புவியோட்டினது, வெப்பத்தில் இடையோட்டுக்கும் பங்குண்டு.
• எல்லாக் குழம்பும் இடையோட்டிலிருந்து நேரே வருகின்றது என எழுதிப் புள்ளியை இழக்காதீர்கள்.

பயிற்சி

1. தோரியனைற் எம்மாவட்டத்திற் கிடைத்தது?
2. கிரனைற்றும் கப்ரோவும் நிறத்தில் வேறுபடுவது ஏன்?
3. புவியோடு உருக இடையோடு எவ்வாறு உதவுகின்றது?