மெஸ்மரைஸ்: வினைச்சொல்லாகிப்போன ஒரு டாக்டர்

ஒரு பாட்டைக் கேட்டு மெய்மறந்து உட்கார்ந்தா, 'மெஸ்மரைஸ் ஆயிட்டேன்'னு சொல்றோம் இல்லையா? அந்தச் சொல்லுக்குள்ள ஒரு டாக்டர் இருக்கார், தெரியுமா? அவர் பெயர் ஃபிரான்ஸ் அன்டன் மெஸ்மர்.

1734-ல், இன்றைய ஜெர்மனியில், கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் இருக்கும் இட்ஸ்நாங் கிராமத்தில் பிறந்தார். வியன்னாவில் மருத்துவம் படித்தார். நிலவு கடலையே இழுக்குதுன்னா நம்ம உடம்பை விட்டுவைக்குமா? 1766-ல் அவர் எழுதிய ஆய்வேடு இதைப் பற்றித்தான்.

1774-ல் ஒரு பெண் நோயாளிக்கு இரும்பு கலந்த மருந்தைக் கொடுத்து, உடம்பில் காந்தங்களை வைத்தார். உள்ளே ஏதோ ஓடுவதுபோல அவர் உணர்ந்தார். சில மணி நேரத்துக்கு நோயும் தணிந்தது. பிறகு காந்தமே இல்லாமல், வெறும் கை அசைவிலேயே அதே பலன் கிடைத்தது. நீங்களா இருந்தா என்ன நினைப்பீங்க? காரணம் காந்தம் இல்லைன்னுதானே? மெஸ்மரோ, தன் உடம்பிலேயே ஒரு காந்த சக்தி இருக்கு என்று முடிவு கட்டினார்.

பார்வையற்ற ஒரு பியானோ கலைஞருக்கு 1777-ல் அவர் செய்த சிகிச்சை பெரிய சர்ச்சையானது. வியன்னாவை விட்டு அடுத்த வருஷமே பாரிஸ் போனார். அங்கே ஒரு பெரிய ஓக் மரத்தொட்டி. அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கம்பிகளை நோயாளிகள் வலிக்கிற இடத்தில் வைத்துக்கொள்வார்கள். பின்னணியில் மெல்லிய இசை. சிலர் அழுதார்கள், சிரித்தார்கள், சிலருக்கு வலிப்பே வந்தது. கூட்டம் அலைமோதியது.

1784-ல் மன்னர் பதினாறாம் லூயி ஒரு விசாரணைக் குழு போட்டார். அதில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், லவாய்சியர் எல்லாம் இருந்தாங்க. மெஸ்மரின் சீடர் டெஸ்லான் ஃபிராங்க்ளின் வீட்டுத் தோட்டத்தில் ஒரே ஒரு மரத்துக்கு 'சக்தி' ஏற்றினார். பிறகு ஒரு பையனின் கண்ணைக் கட்டி, மற்ற மரங்களிடம் அழைத்துப் போனார்கள். நாலாவது மரத்தடியில் மயங்கி விழுந்தான். சக்தி ஏற்றிய மரமோ தள்ளி நின்றது! மயக்கம் நிஜம், காரணம் கற்பனை என்று குழு சொல்லிவிட்டது. இன்றைக்குப் புது மருந்துகளைச் சோதிக்கும் 'பிளைண்ட் டெஸ்ட்' முறைக்கு இது ஒரு முன்னோடி.

மெஸ்மர் பாரிஸை விட்டுக் கிளம்பினார். 1815-ல், பிறந்த அதே ஏரியின் கரையில், மீர்ஸ்பர்க் ஊரில் இறந்தார். பெயர் மட்டும் வினைச்சொல்லாகி ஆங்கிலத்தில் தங்கிவிட்டது. முதலில் அவர் முறையில் மயக்க நிலைக்குக் கொண்டுபோவது என்று பொருள். பிறகுதான் மனதைக் கட்டிப்போடுவது என்று ஆனது.

1840-களில் ஜேம்ஸ் பிரெய்ட் என்ற அறுவை மருத்துவர், பளபளப்பான ஒரு பொருளையே உற்றுப் பார்க்கவைத்து அதே மயக்கத்தை வரவழைத்தார். டாக்டரிடமிருந்து எந்த சக்தியும் பாயவில்லை. வேலை செய்தது நோயாளியின் சொந்தக் கவனம்தான் என்றார். ஹிப்னாடிசம் என்ற பெயரைப் பிரபலமாக்கியவரும் அவரே.

மெஸ்மர் கண்ட பலன் பொய் இல்லை. சொன்ன காரணம்தான் தப்பு. உங்க ப்ராஜெக்ட்ல அவுட்புட் சரியா வந்ததும் துள்ளிக் குதிக்காதீங்க. காரணம்னு நினைக்கிறதை ஒருதரம் கழட்டி வெச்சுட்டு ஓட்டிப் பாருங்க. அப்பவும் அதே அவுட்புட் வந்தா, மெஸ்மரை நினைச்சுக்கோங்க!