நூல் காத்த பெருந்தகை

தெருவில் ஒரு பென்னி விலைக்கு விற்கப்படும் சிறு நூல்கள் பண்டு இங்கிலாந்தில் மிகுதியாக இருந்தன. அவை சட்டைப் பையில் அடங்கும். கதையும் வேடிக்கையும் சமய அறிவுரையும் கூறும். மக்கள் அவற்றை வாங்குவர், படிப்பர், பின்னர் எறிந்துவிடுவர். அறிஞர் பலரும் பொருட்படுத்தாத அச்சிறு நூல்களைத் தேடித் தொகுத்துக் காத்தவர் ஒருவர் உண்டு. அவரே சாமுவேல் பீப்ஸ் ஆவார்.

பீப்ஸ் 1633ஆம் ஆண்டில் இலண்டனில் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்தார். தூய பவுல் பள்ளியிலும் கேம்பிரிட்ஜிலுள்ள மாட்லின் கல்லூரியிலும் கல்வி கற்றார். 1660இல் கடற்படை அலுவலகத்தில் பணியேற்றார். அவ்வாண்டு முதல் நாள்தோறும் தாம் கண்டதையும் கேட்டதையும் சுருக்கெழுத்தில் குறித்து வந்தார். அவருடைய உழைப்பு பின்னாளில் அவரைக் கடற்படைத் துறையின் செயலாளராக உயர்த்தியது.

அவர் நூல்களிடத்துக் கொண்ட காதலுக்கு அளவில்லை. வீட்டில் நூல்கள் பெருகி, நாற்காலிகளின்மேலும் ஏறின. எனவே 1666இல் கப்பல் துறையின் தச்சரைக்கொண்டு கண்ணாடிக் கதவுகள் அமைந்த நிலைப்பேழைகளைச் செய்வித்தார். அவ்வாண்டு செப்டம்பர்த் திங்களில் இலண்டன் மாநகரைப் பெருந்தீ பற்றியது. தூய பவுல் கோயிலின் நிலவறையில் வணிகர் அடுக்கி வைத்திருந்த நூல்கள் எல்லாம் சாம்பலாயின. பீப்ஸ் தம் உடைமைகளை வண்டியிலும் படகிலும் ஏற்றி வெளியூர்க்கு அனுப்பினார். அவற்றுள் அவருடைய நாட்குறிப்பும் ஒன்று. நற்பேறாக அவர் இல்லத்தைத் தீ அணுகவில்லை.

நூல்களைச் சேர்ப்பதினும் காப்பது அரிது என்பதை அவர் உணர்ந்திருந்தார். மெல்லிய தாள்களால் ஆகிய பென்னி நூல்கள் தனித்திருப்பின் விரைவில் கிழிந்தழியும். ஆதலின் அவற்றை ஒன்று சேர்த்து உறுதியான அட்டையிட்டுக் கட்டுவித்தார். தெருப்பாடல் தாள்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. செல்டன் என்னும் அறிஞர் தொடங்கிய தொகுப்பை வளர்த்து, 1,700க்கு மேற்பட்ட பாடல்களை ஐந்து தொகுதிகளாக்கினார். தம் நூல்கள் அனைத்தையும் உயரத்தால் வரிசைப்படுத்தி எண்ணிட்டார். குறுகிய நூல்களும் பிறவற்றோடு ஒத்து நிற்குமாறு அவற்றின் அடியில் அழகிய மரக்கட்டைகளை வைத்தார். கடலோடி டிரேக்கின் கைக்கடக்கமான பஞ்சாங்கமும் அவர் செல்வங்களுள் ஒன்றாக விளங்கியது.

துன்பங்களும் அவரைத் தொடர்ந்தன. பார்வை பறிபோகுமென அஞ்சி, 1669இல் நாட்குறிப்பு எழுதுவதை நிறுத்தினார். 1679இல் பொய்க்குற்றம் சுமத்தப்பட்டு இலண்டன் கோட்டையில் சிறைப்பட்டார். குற்றம் மெய்ப்பிக்கப்படாமையால் பின்னர் விடுதலை பெற்றார். எனினும் நூற்பணியை அவர் கைவிடவில்லை.

அவருக்கு மக்கட்பேறு இல்லை. தமக்குப் பின் நூல்கள் சிதறுமே என்று கவலையுற்றார். ஆகவே, அவை தம் சகோதரியின் மகனிடம் இருந்து, அவன் காலத்திற்குப் பின் கல்லூரியைச் சேரவேண்டும் என்று விருப்ப ஆவணம் எழுதினார். ஒரு நூலையும் கூட்டலாகாது. ஒரு நூலையும் குறைத்தலாகாது. தவறினால் அனைத்தும் வேறொரு கல்லூரிக்கு உரியவாகும் என்பது அவர் விதித்த நெறி. அவர் 1703இல் மறைந்தார். 1724இல் 3,000 நூல்களும் பேழைகளோடு மாட்லின் கல்லூரியை அடைந்தன.

அந்நூல்களிடையே அவருடைய நாட்குறிப்பும் நூறாண்டுக்காலம் படிப்பாரற்றுக் கிடந்தது. ஜான் சுமித் என்னும் மாணவர் 1819 முதல் மூன்றாண்டுகள் அரிதின் முயன்று அச்சுருக்கெழுத்தைப் படித்தறிந்தார். அச்சுருக்கெழுத்தைக் கற்பிக்கும் நூல் அதே நூலகத்தில் இருந்ததை அவர் அறியார்! 1825இல் நாட்குறிப்பு அச்சேறியது. பெருந்தீயை நேரிற் கண்டவரின் சான்றினை உலகம் பெற்றது.

பென்னி நூல்கள் இன்று அக்காலப் பொதுமக்கள் எவற்றைப் படித்து மகிழ்ந்தனர் என்பதை ஆராய்வார்க்கு உதவுகின்றன. ஒரு தலைமுறை எளிதென எறிவது, மற்றொரு தலைமுறைக்குக் கிடைத்தற்கரிய செல்வமாகலாம். நம் கையிலுள்ள சிறு நூலையும் பேணிக் காத்தல் நம் கடமையன்றோ?