தொன்மமும் வரலாறும்: டேவிட் ஸ்ட்ராவுஸின் வாழ்வு

தொன்மம் என்னும் சொல்லை இன்று நம் திறனாய்வாளர்கள் தயக்கமின்றிக் கையாளுகின்றனர். கவிதையில் தொன்மம், நாடகத்தில் தொன்மம் என ஆய்வேடுகள் பல எழுந்துள்ளன. ஆனால் இச்சொல்லை நற்செய்தி நூல்களுக்குப் பொருத்திக் காட்டியமைக்காக 27 வயது இளைஞர் ஒருவர் 1835ஆம் ஆண்டில் தம் பணியை இழந்தார். பல்கலைக்கழகப் பேராசிரியராகும் வாய்ப்பும் அவருக்கு வாழ்நாள் முழுதும் கிட்டாமலே போயிற்று. அவர்தாம் டேவிட் பிரீட்ரிக் ஸ்ட்ராவுஸ். கிறித்தவத்தின் தோற்றத்தை வரலாற்று நெறியில் ஆராய்ந்தோருள் முதன்மையாக வைத்து எண்ணத்தக்க அவரது வாழ்வு, சொல்லின் வலிமையை நம்பும் நம் வட்டத்துக் கவிஞர்கள் அறிய வேண்டிய ஒன்றாகும்.

ஜெர்மனியின் தென்பகுதியில் உள்ள வூர்ட்டம்பெர்க் நாட்டின் லுட்விக்ஸ்பர்க் நகரில் 1808ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் நாள் ஒரு வணிகர் குடும்பத்தில் ஸ்ட்ராவுஸ் பிறந்தார். தந்தையார் ஆழ்ந்த பக்தியுடையவர். தாயார் தெளிந்த நடைமுறை அறிவினர். இவ்விரு இயல்புகளும் மகனிடம் இறுதிவரை போராடிக்கொண்டே இருந்தன எனலாம். பிளாவ்பாய்ரன் குருமடப் பள்ளியில் பயின்றபோது பெர்டினாண்ட் கிறிஸ்டியன் பாவூர் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். தொடக்கக் காலத் திருச்சபையில் பேதுரு வழியினர்க்கும் பவுல் வழியினர்க்கும் இடையே நிகழ்ந்த கருத்துப் போரை ஆராய்ந்து, பின்னாளில் டூபிங்கன் ஆய்வு மரபைத் தோற்றுவித்தவர் இப்பாவூரே.

டூபிங்கனில் இறையியல் கற்றுச் சிறிது காலம் உதவிப் போதகராகப் பணியாற்றிய ஸ்ட்ராவுஸ், மெய்யியல் அறிஞர் ஹெகலிடம் பாடம் கேட்கும் வேட்கையுடன் 1831இல் பெர்லின் சென்றார். அவர் சென்று சில நாள்களிலேயே, நவம்பர் 14ஆம் நாள், ஹெகல் மறைந்தார். எனினும் அப்பயணம் வீணாகவில்லை. இயேசுவின் வாழ்வு குறித்து ஷ்லையர்மாக்கர் ஆற்றிய விரிவுரைகளின் குறிப்புகள் அங்கு அவருக்குக் கிடைத்தன. அவற்றில் மனநிறைவு காணாத அவர், தாமே அப்பொருளில் ஒரு நூல் இயற்ற உறுதி பூண்டார்.

1832இல் டூபிங்கன் திரும்பிப் பயிற்றாசிரியரானார். அந்நாளில் அங்குப் பயின்ற மாணவருள் ஹெர்மன் குண்டர்ட் ஒருவர். அவர் 1836இல் சென்னைக்கு வந்து தமிழ் கற்றுப் பின்னர் மலையாள அகராதி கண்டவர். ஒரே கல்விக்கூடத்திலிருந்து ஒருவர் மறைப்பணி நோக்கிக் கடல் கடந்தார். மற்றவர் மறைநூலையே ஆய்வு மேசையில் வைத்தார்.

இயேசுவின் வாழ்வைத் திறனாய்ந்த அந்நூல் 1835, 1836 ஆண்டுகளில் இரு பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. அக்கால இறையியலார் இரு அணியாக நின்றனர். அற்புதங்கள் எழுதப்பட்டவாறே நடந்தன என்றனர் ஓரணியினர். ஹைடல்பர்க் பேராசிரியர் பாவுலஸ் போன்ற மற்றோரணியினர், அற்புதம் ஒவ்வொன்றுக்கும் இயற்கைக் காரணம் தேடினர். இயேசு கடல்மீது நடக்கவில்லை, கரையோரம் நடந்ததைச் சீடர்கள் தவறாகக் கண்டனர் என்பது அவர்தம் விளக்கத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. ஸ்ட்ராவுஸ் இரு சாராரையும் மறுத்தார். முன்னவர் இயற்கை நியதியை மறந்தனர். பின்னவர் நூலின் உயிரைக் கொன்று உடலைக் காக்க முயன்றனர் என்பது அவர்தம் கருத்து.

இவர் காட்டிய மூன்றாம் வழியே தொன்மம். வரவிருக்கும் மீட்பர் மோசேயினும் எலியாவினும் மேம்பட்டவராக இருப்பார் என யூத மக்கள் எதிர்நோக்கியிருந்தனர். இயேசுவை மீட்பராக ஏற்ற முதற் சமூகம், அவ்வெதிர்பார்ப்புகளை அவர் வாழ்வின்மேல் ஏற்றிப் பாடியது. எலிசா சில அப்பங்களால் நூறு பேரைப் பசியாற்றினார் என்னும் பழைய கதையின் சாயல், ஐயாயிரம் பேர்க்கு உணவளித்த நிகழ்ச்சியில் தெரிகிறது. மலைமேல் ஒளிர்ந்த உருமாற்றத்தில், சீனாய் மலையிலிருந்து முகம் ஒளிர இறங்கிய மோசேயின் சாயல் தெரிகிறது. இதனைப் புனைந்தவர் எவரும் ஏமாற்றுக்காரர் அல்லர். ஒரு சமூகத்தின் நம்பிக்கை தன்னையறியாமல் படைத்த படைப்பு இது என்றார் ஸ்ட்ராவுஸ். இயேசு என்றொருவர் வாழவே இல்லை என அவர் கூறவில்லை என்பதையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

முதல் தொகுதி வெளிவந்த உடனேயே அவர் பணியினின்று நீக்கப்பட்டார். எதிர்ப்பின் கடுமையால் தளர்ந்து, 1838இல் வந்த மூன்றாம் பதிப்பில் யோவான் நற்செய்தியின் நம்பகத்தன்மை குறித்துச் சற்றே இறங்கி வந்தார். 1839இல் சூரிச் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக நியமித்தது. ஆனால் மக்கள் திரண்டெழுந்தனர். ஏறத்தாழ 40,000 பேர் எதிர்த்துக் கையொப்பமிட்டனர். அவர் வகுப்பறையில் கால் வைக்கும் முன்பே ஓய்வூதியம் கொடுத்து விலக்கப்பட்டார். அதன் பின்னும் சினம் தணியாமல், அவ்வாண்டு செப்டம்பரில் சூரிச் அரசே கவிழ்ந்தது. இணங்கிப் போனதால் பயன் யாதும் இல்லை என உணர்ந்த ஸ்ட்ராவுஸ், 1840இல் வந்த நான்காம் பதிப்பில் தாம் விட்டுக்கொடுத்த இடங்களை மீண்டும் பழைய நிலைக்கே கொணர்ந்தார்.

1842இல் இசைநாடகப் பாடகி அக்னேஸ் ஷெபெஸ்டை மணந்தார். இரு மக்கள் பிறந்தும் அவ்வில்லறம் சில ஆண்டுகளில் முறிந்தது. 1848இல் வூர்ட்டம்பெர்க் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றும், அவ்வாண்டின் முடிவிற்குள் பதவி துறந்தார். ஆயினும் அவர் நூல் அவரினும் நெடுந்தொலைவு சென்றது. 1846இல் அதனை ஆங்கிலத்தில் தந்தவர், பின்னாளில் ஜார்ஜ் எலியட் எனப் புகழ்பெற்ற இளம்பெண். ஏறத்தாழ ஈராண்டு உழைத்தும் நூலின் முகப்பில் அவர் பெயர் இடம்பெறவில்லை. சிலுவைப்பாட்டுப் பகுதியை மொழிபெயர்க்கையில், கிறித்துவின் சிற்பத்தை எதிரில் வைத்துக்கொண்டுதான் அவரால் எழுத முடிந்தது. ஆய்வு அறிவை ஏற்றாலும் நெஞ்சு நோகவே செய்யும் என்பதற்கு இது சான்று.

இறையியலில் இடமிழந்த ஸ்ட்ராவுஸ் வாழ்க்கை வரலாற்று எழுத்தை மேற்கொண்டார். ஹோஹன்அஸ்பெர்க் கோட்டையில் பத்தாண்டு சிறையிருந்த கவிஞர் ஷூபார்ட், மனிதநேய அறிஞர் ஹூட்டன், தமக்கு முன்னோடியான ரைமாருஸ், பிரெஞ்சு அறிஞர் வால்டேர் ஆகியோர் வாழ்வை எழுதினார். அதிகாரத்தோடு மோதியவர்களையே அவர் பெரிதும் தேர்ந்தெடுத்தார். தம் மகள் உறுதிபூசுதல் பெற்ற வேளையில் அவளுக்கென்று தம் தாயாரைப் பற்றி ஒரு நினைவுரையும் எழுதித் தந்தார். கவிதைகளும் எழுதினார், அவை அவர் மறைவிற்குப் பின்னரே நூலுருப் பெற்றன. ரெனானின் நூல் 1863இல் வெளிவந்து ஐரோப்பாவை ஈர்த்த மறு ஆண்டு, பொதுமக்களுக்கென இயேசு வாழ்வை மீண்டும் எழுதினார்.

1872இல் வந்த இறுதி நூலில், நாம் இன்னும் கிறித்தவர்தாமா என வினவி, இல்லை என்று விடையிறுத்தார். சமயம் விட்டுச்சென்ற இடத்தில் கவிதையையும் இசையையும் வைத்தார். அடுத்த ஆண்டே இளைஞர் நீட்சே அந்நூலைக் கடுமையாக எள்ளினார். 1874 பிப்ரவரி 8ஆம் நாள், பிறந்த ஊரிலேயே ஸ்ட்ராவுஸ் மறைந்தார்.

அவர் ஆய்வில் குறையும் உண்டு. நற்செய்தி நூல்களுள் எது முந்தியது என்னும் வினாவை அவர் போதிய அளவு ஆராயவில்லை. மாற்கே முந்தியது என 1838இலேயே வைசெ, வில்கெ ஆகிய இருவர் எடுத்துரைத்தனர். இன்று பெரும்பாலோர் ஏற்பதும் அதுவே. எனினும், 1906இல் இவ்வாய்வின் வரலாற்றை எழுதிய ஆல்பர்ட் சுவைட்சர், ஸ்ட்ராவுஸுக்கெனத் தனி அதிகாரங்களை ஒதுக்கினார். அவரைக் கடந்து செல்வோரும் அவர் எழுப்பிய வினாவின் வழியாகவே செல்ல வேண்டியுள்ளது.

ஸ்ட்ராவுஸ் தொன்மத்தைப் பொய் என்று கருதவில்லை. மக்கள் தம் பெருவிருப்பைக் கதையாகச் சொல்லும் மொழி அது என்றே கண்டார். அவர் காலம் அதனைப் பழிப்பாகவே கேட்டது. கவிதையின் உண்மை வேறு, நிகழ்ச்சியின் உண்மை வேறு, இரண்டும் மதிக்கத்தக்கனவே என்று கூறுவது நமக்கு இன்று எளிது. அவ்வெளிமைக்கு உரிய விலையைத் தந்தவர்களுள் ஒருவர் என்ற நன்றியோடு அவரை நினைப்போம்.