ஐ.க்யூ டெஸ்ட்டுக்கு அடித்தளம் போட்ட அப்பா... ஆல்ஃப்ரெட் பினே நம் வீட்டுக்குச் சொல்வது என்ன?

ஒரே வீடு, ஒரே அப்பா அம்மா, இரண்டு பெண் குழந்தைகள். மூத்தவள் மேட்லின் நடை பழகும்போது நாற்காலி, மேஜைன்னு எதையாவது பிடிச்சுக்கிட்டேதான் நகர்வாள். அடுத்த பிடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கான்னு பார்த்துட்டுத்தான் கையை விடுவாள். இளையவள் ஆலிஸ் அப்படியே நேரெதிர். சிரித்துக்கொண்டே, தள்ளாடித் தள்ளாடி அறையின் நடுவுக்கே போய்விடுவாள்.

இதையெல்லாம் உட்கார்ந்து குறிப்பெடுத்தவர், அந்தக் குழந்தைகளின் அப்பா ஆல்ஃப்ரெட் பினே. இன்றைய ஐ.க்யூ டெஸ்ட்களுக்கெல்லாம் முன்னோடி, அவர் உருவாக்கிய தேர்வுதான்.

தவறிலிருந்து ஒரு பாடம்

1857-ல் நீஸ் நகரில் பிறந்தவர் பினே. அப்பா டாக்டர், அம்மா ஓவியர். சட்டம் படித்தார், அதில் மனசு ஒட்டவில்லை. பாரிஸ் தேசிய நூலகத்தில் உட்கார்ந்து உளவியலைத் தானாகவே படித்தார். பிறகு பிரபல மருத்துவர் ஷார்கோவின் சல்பெட்ரியே மருத்துவமனையில் ஹிப்னாடிசம் ஆராய்ச்சியில் சேர்ந்தார்.

அங்கேதான் சறுக்கினார். ஹிப்னாடிச நிலையில் இருப்பவர்களிடம் காந்தத்தை வைத்தே மாற்றங்களை உண்டாக்கலாம் என எழுதினார். ஆராய்ச்சியாளர்கள் எதிர்பார்த்ததைத்தான் நோயாளிகள் செய்து காட்டினார்கள் என்பதை பெல்ஜியம் அறிஞர் டெல்பூஃப் அம்பலப்படுத்தினார். பினே மழுப்பவில்லை, தவறை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். சோதிக்கிறவரின் மனசில் இருப்பதே ரிசல்ட்டாக வந்துவிடலாம் என்ற எச்சரிக்கை அதன்பின் அவரைவிட்டுப் போகவே இல்லை.

1890-ல் தன் மகள்களைப் பற்றிய குறிப்புகளை வெளியிட்டார். அடுத்த ஆண்டு சோர்போன் ஆய்வகத்தில் சம்பளமே இல்லாமல் சேர்ந்தார். சில ஆண்டுகளில் அதன் இயக்குநர் ஆனார்.

யாரை எங்கே அனுப்புவது?

1882-ல் பிரான்ஸ் கட்டாயக் கல்விச் சட்டம் கொண்டுவந்தது. எல்லாக் குழந்தைகளும் பள்ளிக்கு வந்தார்கள். பாடம் புரியாமல் தவித்த குழந்தைகளும் அதில் இருந்தார்கள். அவர்களுக்கு என்ன செய்யலாம் எனப் பார்க்க 1904-ல் அரசு ஒரு குழு அமைத்தது. பினேவும் அதில் உறுப்பினர்.

டீச்சர் சொன்னால் போதும்னு விட்டுடலாமா? அதில் ஒரு ஆபத்தைப் பார்த்தார் பினே. சேட்டை பண்ற பையனை வகுப்பைவிட்டு அனுப்ப அது ஒரு சாக்காகிவிடலாம். நிஜமாகவே உதவி தேவைப்படும் குழந்தையோ அமைதியாக இருப்பதாலேயே கண்ணில் படாமல் போகலாம். அதனால் தியோடர் சிமோன் என்ற இளம் டாக்டரோடு சேர்ந்து, 1905-ல் 30 சோதனைகள் கொண்ட ஒரு தேர்வை உருவாக்கினார். மூக்கைத் தொட்டுக் காட்டுவது, படத்தில் உள்ள பொருள்களைச் சொல்வது, எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்வது, ஈக்கும் பட்டாம்பூச்சிக்கும் என்ன வித்தியாசம் எனச் சொல்வது... எளிதில் ஆரம்பித்துக் கஷ்டத்துக்குப் போகும்.

அதை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு இருவரும் எழுதிய விதிகள் முக்கியமானவை. அமைதியான அறை. அன்பான வரவேற்பு. புதியவரைப் பார்த்துக் குழந்தை மிரளாமல் இருக்க, உறவினரோ பள்ளியைச் சேர்ந்தவரோ, தெரிந்த முகம் ஒன்று கூட இருக்கணும். அவர் விடையை எடுத்துக் கொடுக்கக் கூடாது, அவ்ளோதான்.

அதே 1905-ல் பாரிஸின் ஏழைகள் அதிகம் வாழ்ந்த பகுதியில் இருந்த ஒரு பள்ளியில் ஆய்வகம் தொடங்கினார். அங்கே மார்க்கை மட்டும் பார்க்கவில்லை. பார்வை, கேட்கும் திறன், உடல் வளர்ச்சி, வீட்டு வறுமை எல்லாவற்றையும் சேர்த்தே பார்த்தார். போர்டு தெரியாமல் முழிக்கிற குழந்தையை மக்கு என முடிவு கட்டிவிடக் கூடாது இல்லையா? அதற்காக டீச்சர்களே செய்யக்கூடிய கண் பரிசோதனை முறையையும் உருவாக்கினார்.

அறிவு என்பது பிறவியிலேயே அளந்து கொடுக்கப்பட்டது, மாறவே மாறாது என்ற எண்ணத்தைக் கடைசிவரை எதிர்த்தார். கவனத்தையும் நினைவாற்றலையும் பயிற்சியால் வளர்க்க முடியும் என நம்பினார். 1911-ல், 54 வயதில் காலமானார்.

அவர் போன பிறகு...

1912-ல் ஜெர்மன் உளவியலாளர் ஸ்டெர்ன் அந்தத் தேர்வின் முடிவை ஒற்றை எண்ணாக்கினார். அதுதான் ஐ.க்யூ. அமெரிக்காவில் காடார்ட், அப்போதுதான் கப்பலில் வந்து இறங்கிய, மொழி தெரியாத குடியேறிகளிடம்கூட இந்தத் தேர்வை நடத்தி, பலரைப் புத்திக் குறைவானவர்கள் என முத்திரை குத்தினார். உதவி யாருக்குத் தேவை எனக் கண்டுபிடிக்க வந்த கருவி, ஆளை ஒதுக்கும் கருவி ஆனது.

நம் ஊருக்கும் அந்தத் தேர்வு வந்தது. இந்தியக் குழந்தைகளுக்காக மாற்றியமைக்கப்பட்ட பினே-காமத் டெஸ்ட் இங்கே பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இருக்கிறது. ஆனா, டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடுகளை ஐ.க்யூ எண் மட்டும் காட்டிக்கொடுக்காது. வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றுக்குத் தனிச் சோதனைகள் வேண்டும். கூடவே, வீட்டில் இருப்பவர்கள் சொல்வதும் வேண்டும்.

எப்போது பேச ஆரம்பித்தது, காதில் அடிக்கடி சீழ் வந்ததா, கதையை வாயால் அழகாகச் சொல்லிவிட்டு எழுதும்போது மட்டும் திணறுகிறதா, வீட்டில் எந்த மொழி பேசுகிறீர்கள்... இதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். உங்க பிள்ளைக்கோ, தம்பி தங்கைக்கோ அசெஸ்மென்ட் எடுக்கச் சொல்லி ஸ்கூலில் இருந்து போன் வந்தால் பதறாதீங்க. ரிப்போர்ட் வரட்டும்னு வாசலில் காத்திருக்கவும் வேண்டாம். பார்த்ததை ஒரு நோட்டில் குறிச்சு எடுத்துட்டுப் போங்க. அந்தத் தேர்வை உருவாக்கியவரும் முதலில் நோட்டைத் திறந்தது தன் வீட்டு அறையில்தான்.