நூற்றிரண்டு நாட் பண்டிதர்

பாரதியார் சரிதத்தை எழுதினோர் பலர். வெள்ளவத்தையில் என் வீட்டுப் புத்தகத் தட்டிலேயே நாலைந்து சரிதங்கள் உள. எட்டயபுரம், காசி, சென்னை, புதுச்சேரி என்று விரையும் அவை, மதுரையில் அவர் ஆசிரியராயிருந்த காலத்தை ஓரிரு வரியிற் கடந்துவிடும். எனக்கோ அவ்விடத்தைக் கடக்க மனம் வருவதில்லை. இளமையிற் கொட்டாஞ்சேனைப் பாடசாலை ஒன்றில், விடுமுறை பெற்ற பண்டிதர்க்குப் பதிலாக ஒரு தவணை படிப்பித்தவன் யான். பதிலாசிரியனுக்கு அங்கே நாற்காலி இருந்தது, மேசை இல்லை.

1904ஆம் ஆண்டிலே பாரதியார்க்கு வயது 21. பதினொரு வயதிற் பெற்ற 'பாரதி' என்னும் பெயர் இருந்தது. காசியிற் கற்ற வடமொழியும் இந்தியும் இருந்தன. பண்டிதத் தேர்வுச் சான்றிதழ் ஏதும் இல்லை. தந்தையார் 1898இலேயே மறைந்துவிட்டார். மனைவி செல்லம்மாளைக் காக்கும் பொறுப்போ இருந்தது. எட்டயபுரத்து அரண்மனை வாழ்வை உதறி வந்தவர்க்கு ஒரு வேலை வேண்டியிருந்தது.

அவ்வாண்டு ஜூலையில் மதுரை 'விவேகபாநு' இதழில் அவர்தம் 'தனிமை இரக்கம்' அச்சேறியது. அதனை இன்று படிக்கும் மாணவர், எளிய தமிழுக்கு வழிகாட்டியவரா இத்துணைக் கடுஞ்சொற்களைப் பெய்தார் என்று மலைப்பர். எம் போன்ற பண்டிதர் மெச்சும் நடையே அன்று அவர் நடை.

அப்போது மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழ்ப் பண்டிதராயிருந்தவர் சோழவந்தான் அரசஞ்சண்முகனார். தொல்காப்பியப் பாயிரம் ஒன்றுக்கே தனி விருத்தி வரைந்த இலக்கணக் கடல் அவர். அவர் விடுப்பிற் செல்ல, அவ்விடத்திலே பாரதியார் தற்காலிகமாக அமர்ந்தார். ஆகஸ்ட் 1இல் தொடக்கம். சம்பளம் மாதம் 17½ ரூபா. இலக்கணப் பாடத்துக்கு மாணவரை அனுப்புவதாயின் யான் சண்முகனாரிடமே அனுப்புவேன். இதனைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

நவம்பர் 10ஆம் நாளோடு வேலை முடிந்தது. எண்ணிப் பார்த்தால் 102 நாள். அம்மாதமே 'சுதேசமித்திரன்' ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர் அவரைச் சென்னைக்கு அழைத்துச் சென்று உதவியாசிரியராக்கினார். ஆங்கிலச் செய்திகளையும் சொற்பொழிவுகளையும் நாள்தோறும் தமிழாக்குவது அங்கே வேலை. புலவர்க்கு எழுதிய கை, வணிகர்க்கும் எழுதுவினைஞர்க்கும் விளங்க எழுத வேண்டியதாயிற்று. அவர் தமிழ் நெகிழ்ந்தது அந்த அலுவலகத்திலேதான் என்பது என் துணிபு. பின்னர் 'இந்தியா' இதழ், 1908 முதற் பத்தாண்டுப் புதுச்சேரி வாசம், 1920இல் மீண்டும் சுதேசமித்திரன், 1921 செப்டெம்பரில் மறைவு. இவை யாவரும் அறிந்தவை.

சண்முகனாரின் விடுப்பு நீண்டிருப்பின் பாரதியாரை ஒரு பள்ளிப் பண்டிதராகவே இழந்திருப்போம் என்று நண்பரொருவர் சொல்வார். யான் உடன்படேன். அரண்மனையிலேயே நில்லாதவர் பள்ளியிலா நின்றிருப்பார்? ஆயினும் அந்த நாள்கள் வீண்போயின என்றும் கொள்ளேன். பின்னாளில் எழுதிய 'தேசீயக் கல்வி' என்னும் கட்டுரையில், தாய்மொழியிலேயே கற்பிக்க வேண்டுமென வற்புறுத்தி, எழுத்து, கணக்கு, சரித்திரம், பூகோளம் என்று பாடங்களை வகுத்து, எதனை எவ்வாறு சொல்லிக் கொடுப்பதென்றும் விரித்துரைக்கிறார். அதனை வகுப்பில் வாசித்துக் காட்டும்போதெல்லாம், பிள்ளைகள்முன் நின்று கால் கடுத்த ஒருவரின் குரலே என் செவியில் விழும்.