திமிரியா, பாரியா? - நாகசுரச் சக்கரவர்த்தி ராஜரத்தினம்

(மூன்றாம் ஆண்டு மின்னணுவியல் மாணவன் ஒருவன்)



கிட்டார் வாசிக்கும் நம் நண்பர்கள் கூடினால் ஒரு வாக்குவாதம் நிச்சயம். எந்த ட்ரெமோலோ பெடல் நல்லது? பழைய மாதிரி பல்பும் ஒளிக்கு மாறும் மின்தடையும் வைத்ததா, இல்லை ஐ.சி. வைத்ததா? கருவி முக்கியமா, கை முக்கியமா? இதே கேள்வியை நம் காவிரிக் கரையில் ஒருவர் எப்போதோ கேட்டு, அதற்கு விடையும் கண்டுவிட்டார். அவர்தான் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை. பாலிடெக்னிக் மலரில் நாகசுரத்துக்கு என்ன வேலை என்று நினைக்காதீர்கள். படித்து முடித்தால் புரியும்.

1898 ஆகஸ்ட் 27 அன்று, அப்போது தஞ்சை ஜில்லாவில் இருந்த திருவாவடுதுறையில் பிறந்தார். இளம் வயதிலேயே தகப்பனாரை இழந்தவர். தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளையின் ஆதரவில் வளர்ந்தார். முதலில் வாய்ப்பாட்டு, பிறகுதான் நாகசுரம். அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளையிடம் வாத்தியம் பயின்றார். முதலில் பாடிப் பழகிய மனசு அது. பாடகர் தொண்டையில் வருவதெல்லாம் குழலிலும் வரணும் என்று ஆசைப்பட்டது. பின்னாளில் திருவாவடுதுறை ஆதீன வித்துவானாகவும் விளங்கினார்.

அந்தக் காலத்தில் பெருவழக்கில் இருந்தது திமிரி நாகசுரம். குட்டையான குழல், உச்ச சுருதி. நாலு கட்டை, அதற்கு மேலும் போகும். கோயில் வீதியில் சாமி புறப்பாட்டுக்குக் கூட்டத்தைத் தாண்டிக் கேட்க வேண்டுமே, அதற்கு இது பொருத்தம்தான். ஆனால் ஒரு சங்கடம் இருந்தது. திமிரியின் துளையில் இயல்பாக வருவது பிரதி மத்திமம். அதற்கு அரைச் சுரம் கீழே உள்ள சுத்த மத்திமம் வேண்டுமானால் உதட்டாலும் மூச்சாலும் விரலாலும் பிடித்து இறக்கணும். ராஜரத்தினத்தின் உயிரான தோடியோ சுத்த மத்திம ராகம்! மணிக்கணக்காகத் தோடி விரிக்கிறவருக்கு, ஒவ்வொரு தடவையும் அந்த ஒரு சுரத்தோடு மல்லுக்கட்டுவது என்றால் சும்மாவா?

வேறொருவராக இருந்தால் வாத்தியம் அப்படித்தான் என்று விட்டிருப்பார். இவர் விடவில்லை. பக்கத்து ஊரான நரசிங்கம்பேட்டையில் நாகசுரம் கடையும் ரங்கநாதன் ஆசாரியோடு சேர்ந்து வேலையில் இறங்கினார். அதில் பிறந்ததுதான் சுத்த மத்திமம் தானாகவே பேசும் பாரி நாகசுரம். நீண்ட குழல், கீழ்ச் சுருதி, கனமான நாதம்.

நம்ம பாஷையில் சொன்னால் இது ஒரு டிசைன் மாற்றம். 4 கட்டையிலிருந்து 2 கட்டைக்கு இறங்கினால் அதிர்வெண் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறையும். குழல் நீளம் அதற்கேற்ப சுமார் ஐந்தில் ஒரு பங்கு கூடணும். நீளம் கூடினால் துளைகளின் இடம் மாறும், விரல்களின் இடைவெளி அகலும், உள்துளையின் அளவையும் சரிபார்க்கணும். ஒன்றைத் தொட்டால் மூன்று நகரும். கால்குலேட்டரும் மீட்டரும் இல்லாமல், காதையும் கடைசல் உளியையும் வைத்து அதைச் செய்தார்கள்.

ஆக, எது உசத்தி? வீதிக்குத் திமிரி, மேடைக்குப் பாரி என்பேன். திமிரி தூரத்துக்குக் கேட்கும். பாரிக்கு மூச்சு அதிகம் வேணும். ஆனால் நிதானமாக ஆலாபனை செய்ய இடம் கொடுக்கும். ராஜரத்தினத்துக்குத் தேவைப்பட்டது அந்த இடம்தான்.

பெடல் விஷயத்துக்கு வருவோம். ட்ரெமோலோ என்றால் ஒலியின் அளவு ஏறி இறங்குவது. சுருதி அசைந்தால் அது வைப்ரேட்டோ. ஃபெண்டர் கம்பெனியே தன் ஆம்ப்ளிஃபயரில் முதலாவதற்கு வைப்ரேட்டோ என்றும், 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரின் கைப்பிடிக்கு ட்ரெமோலோ என்றும் பேரை மாற்றி வைத்தது! பல்பு வகையில் அலை மெதுவாக எழுந்து சரியும், சதுர அலை வகையில் வெட்டி வெட்டி விழும். எதுவானாலும் ஒரு குமிழ் வேகத்துக்கு, ஒரு குமிழ் ஆழத்துக்கு. வைத்த இடத்தில் அப்படியே நிற்கும். கமகத்துக்கு அப்படிக் குமிழ் கிடையாது. ஒரே காந்தாரம் தோடியில் ஒரு மாதிரி அசையும், இன்னொரு ராகத்தில் அசையாமல் நிற்கும். அந்த வேகத்தையும் ஆழத்தையும் ராஜரத்தினத்தின் மூச்சும் விரலும் நொடிக்கு நொடி தீர்மானித்தன. மத்திமத்துக்காகப் போராட வேண்டிய பாரத்தைப் பாரி இறக்கி வைத்தது; மீதியை அவர் பார்த்துக்கொண்டார்.

அவர் மாற்றியது வாத்தியத்தை மட்டுமா? ஒத்துக்குப் பதில் சுருதிப் பெட்டியும் தம்புராவும் வைத்துக்கொண்டார். நின்றும் நடந்தும் ஊதிய நாகசுரக்காரர், பாடகருக்குச் சமமாக மேடையில் உட்கார்ந்து கச்சேரி செய்யணும் என்று நிலைநாட்டினார். கிராப்பு வெட்டி, கோட்டு சூட்டும் போட்டார். மேளக்காரர்தானே என்று இளக்காரமாகப் பார்த்த காலத்தில் இது சாதாரணம் இல்லை. நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தவிலோடு அவர் வாசித்தது இன்றும் பேசப்படுகிறது. 1940-இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘கவி காளமேகம்’ படத்தில் கதாநாயகனாக நடித்தார். 1947 ஆகஸ்டில் ஆதீனத்தின் செங்கோலோடு டில்லி போன குழுவில் அவர் நாகசுரமும் போனது. 1956 டிசம்பர் 12 அன்று சென்னையில் காலமானார். வயது 58.

தோழர்களே! ராஜரத்தினத்தை எல்லாருக்கும் தெரியும். ரங்கநாதன் ஆசாரியை எத்தனை பேருக்குத் தெரியும்? உளி பிடிக்கிறவனும் சால்டரிங் அயர்ன் பிடிக்கிறவனும் ஒரே ஜாதிதான். பழைய வீட்டு உத்திரமாகக் காய்ந்து கிடந்த ஆச்சா மரத்தில் நரசிங்கம்பேட்டையில் இன்றும் நாகசுரம் கடைகிறார்கள். 2022-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. சீவாளிக்குப் பேர்போன ஊர் திருவாவடுதுறையேதான். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் ரயில் பாதையில்தான் நரசிங்கம்பேட்டை. ஒரு லீவு நாளில் போய்ப் பாருங்கள். கலைஞன் என்ன கேட்கிறான் என்று காது கொடுத்துக் கேட்கிற தொழிலாளிதான் பெரிய இன்ஜினியர். நாமும் அப்படி ஆவோமே!